ஸ்டோர் சாவி

ஓசூர், பாகலூர் ரோடு, ஏழாவது தளம்.
மாதையன் விழுந்த சத்தத்தில்
எனக்கு ஆணிக் கணக்கு தப்பியது.

பெல்ட் இருபத்திநாலும்
பாலித்தீன் பிரிக்காமல் அலமாரியில்.
"அழுக்காக்காதே, இன்ஸ்பெக்டர் வரும்போது எடு"
என்றிருந்தார் முதலாளி.
சாவி என் இடுப்பில்.

ஓரத்துக்குத் தடுப்புக்கம்பி கேட்டு
மேஸ்திரி எழுதின சீட்டு
ஆடியிலிருந்து சுவரில் தொங்குகிறது.

பொழுது சாய வந்தவர்
ரிஜிஸ்டரில் விரல் வைத்தார்:
"பெல்ட் கொடுத்தாச்சுன்னு போடு, நேத்துத் தேதி."
பேனா எழுதவில்லை.
உதறினேன். எழுதியது.

அப்புறம் ஒன்றைப் பிரித்து
சிமெண்ட் தண்ணீரில் நனைத்து
சாரத்துக்குக் கீழே போட்டோம்.
போட்டேன்.

பென்னாகரத்திலிருந்து அவன் தம்பி வந்தான்.
"கொடுத்தும் அண்ணன் மாட்டலையாமே?"
என்று என்னிடம்தான் கேட்டான்.
குனிந்து அதை எடுத்தான்.
கொக்கியில் விலைச்சீட்டு.
மெல்ல வாசித்தான்:
தொள்ளாயிரத்து நாற்பது.