செவ்வாய்க்கிழமை அடிக்குரல்

செவ்வாய்க்கிழமை காரைக்குடியில் சலூன்களுக்கு விடுமுறை.
அதனால் ராக்கப்பன் கடை எங்களுக்கு.
செக்காலை ரோட்டில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
பதினோரு ஆம்பளைகள்
எதிரெதிர்க் கண்ணாடிகளில் முந்நூறு பேராய்ப் பெருகி
வாத்தியம் இல்லாமல் பாடுகிறோம்.
இந்தப் பாட்டு முறைக்குப் பெயரே பார்பர்ஷாப் என்று
ஜெய்னுலாப்தீன் சொன்னபோது
ராக்கப்பன் சுழல் நாற்காலியில் ஒரு சுற்று சுற்றி
"அப்ப வாடகை வேணாம்" என்றான்.

மெட்டு வள்ளியப்பனுக்கு.
அதற்கு மேலே
ஓட்டுக்கூரையில் பூனை நடப்பதுபோல் செபஸ்தியான்.
இடுக்கில் மிஞ்சிய ஸ்வரமெல்லாம் ஜெய்னுக்கு.
எனக்கு அடி.
பாட்டில் நிலா வரும், மழை வரும், அவளும் வருவாள்.
எனக்கு வருவதென்னவோ
தும், தும், தும்.
கடைசி வரியில் மட்டும் ஒரு "வா".

நான் பெயிண்ட் கடைக்காரன்.
பிரைமரைப் பார்த்து யாரும் வீட்டைப் புகழ்ந்ததில்லை.
அடிக்காமல் விட்டவர்கள்
மறு ஐப்பசியில் என்னைத்தான் திட்ட வருவார்கள்.

பதின்மூன்று வயதில் குரல் உடைந்த வாரமே
பள்ளிக்கூடத்துக் கடவுள் வாழ்த்திலிருந்து
என்னை எடுத்துவிட்டார்கள்.
இப்போது எனக்கு ஜலதோஷம் என்றால்
பத்துப் பேருக்குக் கொண்டாட்டம்:
இன்னும் இரண்டு படி கீழே போகும்.
உமையாள் கஷாயம் வைத்துக்கொண்டு வருவாள்.
"புதன்கிழமை குடிக்கிறேன்" என்பேன்.

எப்போதாவது, நாலும் சரியாகப் பொருந்திவிட்டால்
ஐந்தாவதாய் ஒரு குரல் உச்சியில் கேட்கும்.
யாரும் பாடாதது.
அலமாரியில் கத்தரிக்கோல்கள்
ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்.
யாரும் யாரையும் பார்க்க மாட்டோம்.
மூச்சு விட்டால் போய்விடும்.

போன மாதம் கோட்டையூரில் ஒரு கல்யாண வரவேற்பு.
ஒரு பக்கம் பந்தி நடக்க, பாடினோம்.
ராத்திரி வீட்டில், உமையாள் எடுத்த வீடியோ.
அவளுடைய போனுக்குள் எல்லாரும் இருக்கிறார்கள்.
என் வாய் மட்டும்
தொட்டி மீன்போலத் திறந்து திறந்து மூடுகிறது.
மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன்.
"நல்லாத்தான் நடிச்சிருக்கேன்" என்றேன்.

பட்டுச்சேலையை மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்:
"எனக்கு முன்னால ஒரு செவப்பு பிளாஸ்டிக் நாற்காலி.
யாரும் உக்காரல, மேல கைய வச்சிருந்தேன்.
கடைசிப் பாட்டுல ரெண்டு தடவ விர்ருன்னுச்சு.
ரெண்டாவது தடவ
கொஞ்சம் சுதி இறங்கிருச்சுல்ல?"

இறங்கித்தான் இருந்தது.
ஜெய்னுக்குக்கூடத் தெரியாது.