அடித்துணி

மேல்பக்கம் முடிந்துவிட்டது.
நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள்,
மஞ்சப்பைக்குள் மடித்து
ஏற்காட்டிலிருந்து இறக்கியாயிற்று,
இருபது வளைவும் குமட்டலுமாக.

செவ்வாய்ப்பேட்டைக் கடையில் தங்கவேலன்
தான்களை உருட்டித் தள்ளுகிறான்.
வழுக்குவது வேண்டாம்.
பனியைக் குடித்துக் கனப்பதும் வேண்டாம்.
அந்தக் காப்பிப்பூ வெள்ளை?
அழுக்குத் தெரியும். தெரியட்டும்.

"அகலம் பத்தாதுக்கா,
நடுவுல ஒரு ஒட்டு வரும்."

நடுவிலா.

ஈஸ்டரிலிருந்து நானும் சவரியும்
பேசாமல் படுக்கிற கட்டிலில்
ஏற்கெனவே ஒரு கோடு ஓடுகிறது.

ஐந்து மீட்டர், சர்ரென்று கிழித்தான்.
சில்லறை இல்லையென்று
ஊசி அட்டை ஒன்று தந்தான்.

மலையேறும் பஸ்ஸில் கணக்குப் போட்டேன்:
ஒட்டை ஒரு சாண்
என் பக்கமாகத் தள்ளித் தைத்தால்
காலில் நிரடுவது எனக்குத்தான்.
நடு,
வெறும் துணியாக இருக்கும்.