ஐஸ் கம்பெனி அணியின் பேரேடு

முதல் வரவு முன்னூறு ரூபாய்,
சோனங்குப்பத்துப் படகுக்காரர் ஒருவர்
பந்து வாங்கக் கொடுத்தது.
முதல் செலவு அந்தப் பந்து.
இரண்டாவது,
அது உப்பனாற்றில் விழுந்தபோது
எடுத்துத் தந்தவருக்கு ஒரு டீ, ஒரு போண்டா.

அப்போது நாங்கள் மூன்றாம் டிவிஷனில் கடைசி.
கோல்கீப்பர் பக்கிரியின் அப்பா
பழைய நைலான் கயிற்றில்
ஒரே ராத்திரியில் வலை பின்னிக் கொடுத்தார்.
பந்து நிற்கும், மீன் நிற்காது என்றார்,
தன் கைவேலை மேல் கொஞ்சம் கோபமாக.

பிறகு தணிகாசலம் வந்தார்.
முதுநகரில் பாதி மீன்
அவருடைய ஐஸில்தான் படுத்திருக்கும்.
ஆஃப்சைடு என்றால் என்ன என்பது
கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை.
"நம்ம ஊர் பேரு பேப்பர்ல வரணும் தம்பி,
புயல் இல்லாத நாள்லயும் வரணும்."

கோஃபி வந்தான், கானாக்காரன்.
மலப்புறத்தில் செவன்ஸ் ஆடிக்கொண்டிருந்தவனை
ரயிலேற்றிக் கூட்டிவந்தோம்.
முதல் நாளே மார்க்கெட்டில் நின்று
சங்கராவுக்கு விரல்களால் பேரம் பேசினான்.
முப்பது ரூபாய் குறைத்தார்கள்.
எனக்கு ஒருநாளும் குறைத்ததில்லை.

மூன்றிலிருந்து இரண்டு. இரண்டிலிருந்து ஒன்று.
நெய்வேலியை அவர்கள் மண்ணிலேயே நாலு கோல்.
மஞ்சக்குப்பத்தில்
மரத்திலிருந்து பார்த்தவர்களிடம் டிக்கெட் கேட்கப் போன நான்
இரண்டாம் பாதி முழுக்கக் கிளையிலேயே இருந்தேன்.
அன்றைய வசூல் குறைந்ததற்குக் காரணம்
இன்றுவரை எழுதவில்லை.

கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குச் சென்னைக்குப் பதினோரு பஸ்.
எட்வின் லூர்து மூன்றாம் நிமிடத்தில் கோல் போட்டான்.
எண்பத்தொன்பதாம் நிமிடம் வரை
கோப்பை கடலூரில் இருந்தது.
பெனால்டியில்
வலப்பக்கம் வந்த இரண்டையும் பக்கிரி பிடித்தான்.
கடைசியைக் கோஃபி அடித்தான்.
பந்து எங்கே போனது என்று எழுதப்
பேரேட்டில் பத்தி கிடையாது.
திண்டிவனத்தில் அத்தனை பஸ்ஸுக்கும் பரோட்டா;
பில் தணிகாசலம்.

நான்தான் முதலில் பார்த்தேன்.
அதற்கும் ஒரு மாதம் முன்பே பார்த்தேன்:
வரவுப் பக்கம் முழுக்க ஒரே பெயர்.
ஒற்றைக் கழியில் நிற்கிற பந்தல்.
ஜெயிக்கிற வீட்டில்
கணக்குப் பார்க்கிறவன் வாயை யார் கேட்டார்கள்?
கேட்டிருந்தாலும்
திறந்திருப்பேனா என்று தெரியாது.
எனக்கும் கிளை பிடித்திருந்தது.

அவருக்கு வாய் கோணி, இடது கை விழுந்தது ஆடியில்.
பேங்க்காரர்கள் வந்தது ஆவணியில்.
கரன்ட்டைப் பிடுங்கி ஷட்டருக்கு அரக்கு வைத்தார்கள்.
உள்ளே இருநூற்று அறுபது பாளம்.
மூன்று நாள் தண்ணீர்
கதவுக்கு அடியிலிருந்து தெருவுக்கு வந்துகொண்டே இருந்தது.
பையன்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நின்றார்கள்.
"சில்லுனு இருக்கு சார்" என்றான் இஸ்மத்.
நாலு மாசச் சம்பளம் பாக்கி அவனுக்கு.

கடைசி ஆட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள்.
எதிரணியும் இரக்கப்பட்டு
ஒன்பது பேரையே இறக்கியது.
தோல்வி ஆறு கோல்; அது பரவாயில்லை.
அந்த இரக்கத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

கோஃபிக்கு இன்னும் பதினெட்டாயிரத்து நானூறு தரணும்.
பொங்கலுக்குப் பொங்கல் எங்கிருந்தோ குரல் அனுப்புவான்.
பணம் கேட்பதில்லை.
சங்கரா என்ன விலை என்பான்.
சரியான விலையைச் சொல்வேன்,
அந்த முப்பது ரூபாயைக் கழிக்காமல்.

நேற்று துறைமுகம் பக்கம் போனேன்.
பக்கிரி கருவாடு காயவைத்திருந்தான்,
காக்கைக்கு மேலே அதே வலை.
ஒரு காக்கை கண்ணுக்குள் தலையை விட்டு இழுத்தது.
பேசிக்கொண்டிருந்தவன் பாய்ந்தான்,
வலப்பக்கம்.
காக்கை இருந்தது இடப்பக்கம்.