நாற்பத்தொன்பது டாலர்

ஜனவரி. ஏரி உறைந்துவிட்டது.
இரும்புத்தாதுக் கப்பல்கள் துறைமுகத்தில்
விளக்கணைத்து நிற்கின்றன.
மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம், மூன்றாம் மாடி.
இருபத்திரண்டு ஆண்டுகளாக
நான் தட்டச்சு செய்யும் முதல் வரி ஒன்றேதான்:
மாநிலம், எதிர்,
பிறகு ஒரு பெயர்.

இன்றைய பெயர் லீலண்ட் ப்ரூ. வயது பத்தொன்பது.
சூவா வாங்கின் மளிகைக்கடைப் பின்கட்டிலிருந்து
பனி அகற்றும் இயந்திரத்தைத் திருடினான்.
தூக்கிச் செல்ல வண்டியில்லை,
ஓட்டிக்கொண்டே போயிருக்கிறான்.
நான்கு தெருவுக்கு நடைபாதை சுத்தம்.
அந்தச் சுத்தத்தின் மேலேயே நடந்துபோய்
போலீஸ் அவன் கதவைத் தட்டியது.

விலை ஆயிரத்து நாற்பத்தொன்பது டாலர்.
ஆயிரத்துக்குள் என்றால் சின்னக் குற்றம்.
தாண்டினால் பெருங்குற்றம்.
வாடகை வீடோ வேலையோ,
கேட்கப்போகும் ஒவ்வொரு தாளிலும்
ஒரு சின்னக் கட்டம் அவனுக்காகக் காத்திருக்கும்.

வெர்னா ஹாக்ஸ்டாட் வந்தார், பூட்ஸில் சாலை உப்போடு.
முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தவர்.
"மெஷின் புதுசா?"
மூன்று குளிர்காலம் ஓடியது, என்றேன்.
"அப்புறம் யார் புது விலையைப் போட்டது?"

நான்தான்.
ரசீதில் இருப்பதைத்தான் எப்போதும் போடுவேன்.
எத்தனை ரசீதுகள்,
எத்தனை நாற்பத்தொன்பதுகள்.
அன்று மதியம் சாண்ட்விச் இறங்கவில்லை.

வியாழன் இரவு, தேவாலயத்தின் நிலவறைக் கூடம்.
மடக்கு நாற்காலிகள், ஆறிப்போன காபி,
பள்ளிப் பேருந்து ஓட்டும் இங்க்ரிட்,
இழுவைப்படகில் காது மந்தமான ஓஸ்மோ,
இன்னும் அந்தத் தெருக்காரர்கள் ஆறு பேர்.
குறிப்பெடுக்க நான்.
லீலண்ட் ஒரு பக்கம், சூவா வாங் மறுபக்கம்.
எதிரெதிரே.
இத்தனை காலம் தட்டிய சொல்லுக்கு
முகத்துக்கு முகம் என்றும் பொருள் உண்டு,
என் விரல்களுக்கு அது தெரியாது.

"மன்னிப்பு கேட்காதே," என்றார் வாங்.
"அன்று காலை என் வாசலிலேயே வழுக்கி விழுந்தேன்."
மாவுக்கட்டுப் போட்ட மணிக்கட்டை
மேசைமேல் ஒரு சாட்சிப்பொருள் போல வைத்தார்.
வெகுநேரம் யாரும் பேசவில்லை.
பிறகு: "தினமும் காலை ஆறு மணிக்கு வா."
"பனி விழாத நாளில்?"
"அரிசி மூட்டை இருக்கிறது."
ஓஸ்மோ மட்டும் சிரித்தார்,
எது காதில் விழுந்ததோ.

வெர்னாவின் கடைசி இழுப்பறையில்
ஒரு கோப்பு இருக்கிறது.
போன ஆண்டு இதே நாற்காலிகளில் உட்காரவைத்து
வீட்டுக்கு அனுப்பிய ஒருவன்.
மார்ச்சில் அவன் மனைவியின் தாடை உடைந்தது.
செய்தித்தாளில் வெர்னாவின் படம்தான் பெரிதாக வந்தது.
அந்தக் கோப்பைக் கிடங்குக்கு அனுப்பட்டுமா என்று
இருமுறை கேட்டேன்.
"அது இங்கேயே இருக்கட்டும்."
லீலண்டின் தாளில் கையெழுத்திடும்போது
அவர் முழங்கால் அந்த இழுப்பறையில் முட்டிக்கொண்டிருந்தது.

பதினோரு நாள் வந்தான்.
பன்னிரண்டாம் நாள் வரவில்லை.
ஏழு மணிக்கு வாங் போன் செய்தார்.
மீறல் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்,
பழக்கம்.
"அவனுக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்றார்.
"யாராவது போய்ப் பார்த்தீர்களா?"

படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

வெர்னா கோட்டை மாட்டிக்கொண்டு
கார்ச் சாவியோடு இறங்கிப் போனார்.
ஒன்றரை மணி நேரமாகிறது.
வெளியே பனி மறுபடி தொடங்கியிருக்கிறது.
திரையில்
மாநிலம், எதிர்,
அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு
மின்னி மின்னி மறைகிறது.
நான் இன்னும் பெயரைத் தட்டவில்லை.