கால்புள்ளி

சாட்ஸ்வர்த், ஏழாம் யூனிட் பள்ளி, மாடி வகுப்பு.
என் மேசைத் திரையில் முப்பத்தெட்டுப் புள்ளிகள்.
பச்சை என்றால் புரிந்துவிட்டது.
மஞ்சள் என்றால் யோசனை.
சிவப்பு என்றால் நான் எழுந்து போக வேண்டும்.
முப்பத்தெட்டுப் பிள்ளைகளும்
டேப்லெட்டின் மேல் தலைகவிழ்ந்திருக்க,
நான் அவர்களைப் பார்க்காமல்
புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டைரன் நாயக்கர் முழுப் பச்சை.
அவன் சூட்சுமம் எனக்குத் தெரியும்.
நாலே விடை; தப்பினால் மறுபடி தட்டலாம்.
மாங்காய்க்குக் கல் எறிகிறவன் கணக்கு அது:
விழுகிற வரைக்கும் எறி.

சரோஷா மூன்சாமி சிவப்பு.
இருபத்தாறு நிமிடமாய், ஒரே கேள்வியில்,
இமைக்காத சிவப்பு.

எழுந்து போனேன்.
அவள் மடியில் தண்ணீர்க் கட்டண ரசீது,
பின்பக்கம் முழுக்கப் பென்சில்.
ஆயிரத்து நூறு லிட்டர் தொட்டி,
மணிக்கு நானூறு லிட்டர் வரத்து, நிரம்ப எவ்வளவு நேரம்?
சமன்பாடு போட்டிருந்தாள். அட்டவணை போட்டிருந்தாள்.
நம்பிக்கை போய்த் தொட்டியையே வரைந்து
கோடு கோடாய் நிரப்பியும் பார்த்திருந்தாள்.
மூன்றிலும் 2,75.
இயந்திரம் பதினான்கு முறை தப்பென்றது.
நான் போனபோது அவள்
தன் சரியான கணக்கை ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தாள்.

எங்கோ ஓர் ஊரில் யாரோ எழுதிய நிரல்.
அதற்குத் தசமம் என்றால் புள்ளி.
இந்த நாட்டில் தசமம் என்றால் கால்புள்ளி.
"புள்ளி வை, ஏற்றுக்கொள்ளும்" என்றேன்.
"பரீட்சையில்?"
"பரீட்சையில் கால்புள்ளி."
"அப்போ எதுதான் சரி, மேடம்?"

நானும் ஒருநாள் அப்படித்தான் வந்திறங்கினேன்,
திருச்சியில் படித்த கணக்கைத் தூக்கிக்கொண்டு.
முதல் வாரமே எல்லார் நோட்டிலும்
கால்புள்ளிகளைச் சிவப்பில் சுழித்தேன்.
பிரெனோலன் என்றொருவன் எழுந்தான்,
சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டே:
"மேடம், இங்கே இப்படித்தான் எழுதுவோம்."
வகுப்பு சிரித்தது. எனக்குக் காது சுட்டது.
மாலைக்குள் திருந்திவிட்டேன்.
இதனிடம் யார் எழுந்து நின்று சொல்வது?
சொன்னாலும், சுடுவதற்கு இதற்குக் காது ஏது?

எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புங்கள்
என்று இங்கே முடித்திருக்கலாம். கைதட்டலும் கிடைக்கும்.
ஆனால் லுங்கெலோ இருக்கிறான்.

வெல்பெடாக்டில், ஆறு பேர் தூங்கும் அறையில்,
போர்வைக்குள் வெளிச்சத்தைப் பொத்திக்கொண்டு
பள்ளியில் இறக்கிவைத்த பாடத்தை ஓட்டுகிறான்.
அதே நான்கு நிமிடம், ஒன்பது முறை.
ஒன்பதாம் முறையும் அந்தக் குரல் பெருமூச்சு விடவில்லை.
நான் மூன்றாம் முறையே விடுவேன்.
விட்டிருக்கிறேன், அவனிடமே.
அன்றோடு அவன் கை தூக்குவதை நிறுத்தினான்.
எனக்கு அது தெரியவே ஒரு வருடமாயிற்று.
போன வாரம் நாற்பத்தொன்று வாங்கினான்.
நாற்பத்தொன்றுதான். முன்பு பதினேழு.

பத்தே முக்காலுக்கு மின்சாரம் போனது, அட்டவணைப்படி.
வைஃபை போனது.
என் திரையில் முப்பத்தெட்டும் சாம்பல்.
யாருக்கு விளங்கிற்று, யாருக்கு இல்லை என்பதை
முகங்களில் தேட வேண்டியிருந்தது,
பழக்கம் விட்டுப்போன கண்ணோடு.
டைரனைக் கேட்டேன்: ஏன் அந்த விடை?
வாய் திறந்தான், மூடினான்,
கூரையைப் பார்த்தான்.
அவன் மஞ்சளாகி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் துறையிலிருந்து ஒரு படிவம்.
வகுப்பறைக் கருவிகள் கற்றலுக்கு உதவுகின்றனவா, கெடுக்கின்றனவா?
இரண்டு வட்டம். ஒன்றைத்தான் தொடலாம்.
இரண்டையும் விட்டுவிட்டு
கருத்துக் கட்டத்தில் எழுதினேன்:
பதின்மூன்றாம் கேள்விக்கு 2,75 சரி.
அனுப்பு என்பதைத் தட்டினேன்.

செல்லாத குறியீடு. நீக்கிவிட்டு மீண்டும் முயல்க.

எனக்கு இது முதல் தடவை.
இன்னும் பதின்மூன்று இருக்கிறது.