லேபிள் கிழியாமல்

காலி போத்தலுக்கு எண்பது வெள்ளி என்றான் ஹோ.
பீர் டின்களை எடைபோட்டுக்கொண்டிருந்தேன்,
தராசு முள் ஆடி நின்றது.
"லேபிள் கிழியக் கூடாது, அக்கா.
தக்கையும் இருந்தால் இன்னும் இருபது."

புக்கிட் ரோத்தான் சாலையில்
லாரிகள் செம்பனைப் பழம் உதிர்த்துப் போகும் வளைவில்
என் பழைய சாமான் கடை.
தோட்டத்தை வாங்கி வீடு கட்டிய கம்பெனி
துரைமார் கிளப்பை மட்டும் இடிக்காமல் விட்டிருந்தது.
புதன்கிழமை அங்கிருந்து ஒரு பெட்டி வரும்.
வாயில் நுழையாத பெயர்கள்,
கோட்டைப் படம், கோட்டைக்கு இரண்டு கோபுரம்,
அடியில் ஓர் ஆண்டு:
அக்கா கோலாலம்பூர் பஸ் ஏறித் திரும்பாத ஆண்டு.

ஒன்றில் இரண்டு விரற்கடை மிச்சம் இருந்தது.
கடை சாத்தி, தேநீர்க் குவளையில் ஊற்றிக் குடித்தேன்.
மழையில் நனைந்த அட்டைப்பெட்டி.
புகைக்கூடத்து மூலையில் மறந்த கோணி.
துப்பவில்லை,
விலை தெரிந்த வாய் துப்பாது.
என் நாக்குக்குத்தான் படிப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஹோவின் பின்கட்டில் ஒருநாள் பெட்டி இறக்கப் போனேன்.
பிளாஸ்டிக் தோம்பில் மலிவுச் சிவப்பு,
அதில் கொஞ்சம் திராட்சைப் பாகு,
வயசு காட்டத் தேயிலைச் சாயம்.
முடி உலர்த்தும் கருவியால்
போத்தல் கழுத்துக்கு உறை சுருக்கிக்கொண்டிருந்தான்,
குழந்தைக்குக் குல்லாய் போடுகிற கவனத்தோடு.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்.
அந்த வாரம் தொண்ணூறு கொடுத்தான்.

என் அப்பா ஒருமுறை
பால் வாளியில் ஆற்றுத் தண்ணீர் கலந்தார்.
நிறுவைக் கொட்டகையில் கிராணி
மெட்ரோலாக் குழலை மிதக்கவிட்டுக் குனிந்தார்.
கோடு சொன்னது. அரைநாள் கூலி போனது.
நாற்பது பேர் வரிசையில்
ஒருவரும் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை.

தமிழ்ப்பள்ளிக் கூரைக்கு நிதி விருந்து, அதே கிளப்பில்.
நான் பெற்றோர் சங்கப் பொருளாளர்,
ரசீதுப் புத்தகத்தோடு ஓரத்து மேசை.
மேடையில் ஒரு போத்தல் ஏலத்துக்கு வந்தது.
இடது கோபுரத்தில் மஞ்சள் கறை.
என் பெருவிரல்.
மீன்குழம்பு சாப்பிட்ட கையோடு எடுத்து வைத்தது நான்தான்.

நாலாயிரம். ஆறாயிரத்து ஐந்நூறு.
டத்தோ அமிர்தராஜு ஒன்பதாயிரத்தில் முடித்தார்.
கைதட்டல். அங்கேயே திறந்தார்.
கிளாசைச் சுழற்றி, மூக்கை நுழைத்து,
"பழைய தோல்... புகையிலை... மழைக்காட்டு மண்" என்றார்.
தலைமையாசிரியை வசந்தமாலை
மண் வாசனை தனக்கும் வருவதாகச் சொன்னார்.
எனக்கும் ஒரு மடக்கு வந்தது.

அதுதான் சங்கடம்.
நன்றாக இருந்தது.
ஈர அட்டை இல்லை, கோணி இல்லை,
தொண்டையில் இறங்கும்போது லேசாகத் தேயிலை,
காலை ஆறு மணித் தேயிலை.

ஒழுகும் இரண்டாம் ஆண்டு வகுப்பு,
வாளி வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர்,
தகரம் ஒன்றுக்கு இவ்வளவு என்ற விலைப்பட்டியல்
என் பைக்குள் நாலாய் மடிந்து கிடந்தது.
எழுந்து நின்றேன்.
எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.
"டத்தோ, ரசீதில் பெயர் எப்படிப் போட?" என்று கேட்டேன்.

விருந்து கலைந்தபின்
காலிப் போத்தலைக் கைப்பைக்குள் வைத்து வந்தேன்.
தக்கையையும்தான்.
லேபிள் ஊறட்டும் என்று வாளித் தண்ணீரில் போட்டேன்.
அது மூழ்கவில்லை.
உள்ளே கொஞ்சம் நீர் ஏறி
அடி கனத்து, கழுத்து நிமிர்ந்து,
கிராணியின் குழல் மாதிரியே நின்றது.
டார்ச் அடித்துக் குனிந்தேன்.
மஞ்சள் கறைக்குச் சற்று மேலே தண்ணீர்.
அது கூடுதலா குறைவா என்று
யாரிடம் கேட்பது?

காலையில் புதன்.
ஹோவின் வேன் இரண்டுமுறை ஹாரன் அடித்தது.