முப்புள்ளி

எழுத்துக்கு ஒன்பது ராண்ட்.
நிறுத்தற்புள்ளிக்குக் கூலி கிடையாது என்று
ஒப்பந்தத்தில் தனியாக ஒரு வரி.

லேடிஸ்மித்திலிருந்து மண்பாதையில் நாற்பது நிமிடம்.
குன்றின் முதுகில் ஒற்றைப் பல் மாதிரி அந்தக் கல்.
தொண்டர் காலாட்படை, மூன்று ரெஜிமென்ட்,
ஒரே ஜனவரிப் பகலில் விழுந்தவர்கள்
நான்கு முகத்திலும் ஈய எழுத்தில் இருந்தார்கள்,
போன குளிர்காலம் வரை.

பெக்கானி ஏணியைப் பிடித்துக்கொள்கிறான்.
நெம்பி எடுத்தது யாரென்று அவனுக்குத் தெரியும்,
எனக்குத் தெரியும்,
துகேலாவில் தூண்டில் போடுகிற எல்லாருக்கும் தெரியும்.
உருக்கி வார்த்தால் புளியங்கொட்டை அளவு குண்டு,
நரம்பை நேரே ஆழத்துக்கு இழுத்துப்போகும்.
கார்ப்பொரல் ஒருவரின் குடும்பப்பெயர் முழுசாக
ஆற்றின் அடியில் கிடக்கிறது.
சனிக்கிழமை நான் வாங்கிய மீன்
அதில் எந்த எழுத்துக்கு ஏமாந்ததோ,
கத்தரிக்காய் போட்டு, புளி கரைத்து
சாப்பிட்டாயிற்று.

வேலை சுலபம்.
துளையைத் துடை. ஈயத்தைத் தட்டி இறக்கு.
விளிம்பைச் சீவு. அடுத்தது.
ஒவ்வொரு எழுத்துக்கும் துளைக்கணக்கு உண்டு:
ஆங்கில ஐ-க்கு இரண்டு, ஓ-வுக்கு நான்கு,
ஏ-வுக்கு மூன்று,
உச்சியில் ஒன்று, காலடியில் இரண்டு.
ஏ உதிர்ந்துபோன இடத்திலெல்லாம்
கல் தானாகவே எழுதிவைத்திருக்கிறது

ஃ

முதல் நாள் சத்தமாகவே சிரித்துவிட்டேன்.
என்ன, என்றான் பெக்கானி.
எங்கள் பாஷையில் ஓர் எழுத்து, என்றேன்.
உயிரோடும் சேர்த்தியில்லை, மெய்யோடும் சேர்த்தியில்லை.

கோயில் வகுப்பில் படித்த தமிழ் எனக்கு.
அங்கே தொண்டர் என்றால்
திரி கருகிய விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பவர்.
இங்கே தொண்டர் என்றால்
ஷில்லிங்குக்கும் பூட்ஸுக்கும் கையெழுத்துப் போட்டு
பத்தொன்பது வயதில் பாறை இடுக்கில் குப்புறக் கிடந்தவர்.
இரண்டையும் ஒரே சொல் எப்படித் தாங்குகிறதோ.

அடிபட்டவர்களைத் தெற்குச் சரிவில் இறக்கினார்கள்.
கம்பளி கட்டிய மூங்கில், முனைக்கு இரண்டு ஆள்,
கரும்புத் தோட்டம் இரவல் கொடுத்த ஆள்.
அதில் அம்மா வழியில் ஒருவர், நல்லக்கண்ணு.
பேரேட்டில் தேடிப் பார்த்தேன்:
அந்த ஜனவரியில் பதினோரு நாள் ஆஜர் இல்லை.
கூலி பிடித்தம்.
நல்லவேளை, மை.
ஈயமாக இருந்தால் அதுவும் போயிருக்கும்.

அவர் பெயரையும் கல்லில் ஏற்ற மனுப் போடேன்
என்கிறாள் தங்கை, ஒவ்வொரு தீபாவளிக்கும்.
கணக்குப் போட்டேன்.
குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினால் ஒன்பது எழுத்து,
நாங்கள் கூப்பிடுகிறபடி எழுதினால் பத்து,
தமிழில் ஏழு.
எண்பத்தொன்றா, தொண்ணூறா, அறுபத்து மூன்றா?
தாளை மடித்து ஏணியின் ஆடும் காலுக்கு அடியில் வைத்தேன்.

மேற்கு முகம், கடைசி வரி.
அலுவலகம் அனுப்பிய பட்டியலில் இந்த ஆள் இல்லை.
வெறும் துளைகள்.
முதல் எழுத்து எதுவாகவும் இருக்கலாம்,
கடைசித் துளையில் குளவி மண் பூசியிருக்கிறது.
நடுவில் மட்டும் சந்தேகமே இல்லை,
மூன்று.
சிமெண்ட் வைத்து அடைத்துவிடு, என்கிறது தொலைபேசி.
சரி, என்கிறேன்.
பாசியை மட்டும் சுரண்டி எடுக்கிறேன்.

அதை எப்படிச் சொல்வீர்கள், என்கிறான் பெக்கானி.
தனியாகச் சொல்ல வராது.
முன்னால் ஒரு குறில் வேண்டும்,
பின்னால் ஒரு வல்லினம் வேண்டும்.
இருந்தும் முயன்று பார்க்கிறான்.
தொண்டைக்குள்ளிருந்து காற்று மட்டும் வருகிறது,
கனமான எதையோ
தரையில் மெதுவாக வைத்துவிட்டவனுக்கு வருவதுபோல.

ஆற்றுப் பக்கம் இடி. ஆலங்கட்டி வரும்.
ஏணியை மடக்குகிறோம்.
இன்றைக்கு முப்பத்தொரு எழுத்து,
ஒன்பது நிறுத்தற்புள்ளி.